இறக்கத்தின் சரித்திரம்: தேயிலை மலைகளின் பழைய கார்களும் அவற்றின் பிரேக்குகளும்

மலைநாட்டைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஏற்றத்தின் பெருமையையே எழுதியிருக்கிறார்கள். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறிக் கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவை அடையும் பாதையின் அழகும், கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டனை நோக்கி எழும் தெருவின் கம்பீரமும் வர்ணிக்கப்பட்ட அளவுக்கு, அதே பாதைகளில் வாகனங்கள் பத்திரமாக இறங்கி வரக் கற்றுக்கொண்ட விதம் விசாரிக்கப்படவில்லை. ஏற்றத்தில் சக்தி போதாத வாகனம் நின்றுவிடும். அதனால் நேரும் நஷ்டம் சில மணி நேரத் தாமதமே. இறக்கத்தில் நிற்க இயலாத வாகனமோ, தன்னை நம்பி ஏறியவர்களையும் கூட்டிக்கொண்டு சரிவில் போய் விழும். ஆகையால் இந்தத் தோட்டப் பிரதேசத்தின் மோட்டார் சரித்திரத்தை எழுத விரும்புகிறவர் எஞ்சினிலிருந்து தொடங்காமல் பிரேக்கிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் துணிபு.

மோட்டார் வருவதற்கு வெகு காலம் முன்பே இறக்கத்தின் பயம் இங்கே அறியப்பட்டிருந்தது. ஆளுநர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு அமைக்கப்பட்டபோது, கடுகண்ணாவைக் கணவாயை வண்டி செல்லும் பாதையாக மாற்றும் பொறுப்பை ஏற்றவர் பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டோசன். 1829-இல் மறைந்த அவருக்கு அக்கணவாயின் உச்சியில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. கோப்பி மூட்டைகளைச் சுமந்த இரட்டை மாட்டு வண்டிகள் அந்த வழியே இறங்கியபோது, சக்கரத்தைச் சங்கிலியால் பிணைத்தும், மரக்கட்டையை அதன்மேல் அழுத்தியும், பாரம் மாடுகளின் கழுத்தை முறித்துவிடாமல் காத்தவர்கள் வண்டிக்காரர்கள். 1867-இல் ரயில் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் மெல்ல மெல்லக் கோப்பியை அழித்தது. தேயிலை பரவிய வேகத்திலேயே ரயிலும் மேலேறி 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டிற்று. நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி ஏறும் அந்த இருப்புப் பாதையையும், அதிலிருந்து தோட்டங்களுக்குள் கிளை பிரிந்த தெருக்களையும் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

தோட்டத் தெருக்கள் மோட்டாரை எண்ணி வெட்டப்பட்டவை அல்ல. தொழிற்சாலைக்கும் மலைகளுக்கும் இடையே வண்டியும் குதிரையும் ஏறி இறங்குவதற்காக, சரிவின் முகத்தை ஒட்டி, ஒரு பக்கம் வெட்டிய மண்ணும் மறு பக்கம் வெற்று வெளியுமாக அவை அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் மோட்டார் வாகனம் ஓடத் தொடங்கி, 1904-இல் மோட்டார்ச் சங்கமும் அமைந்தபின், தோட்டங்களை நடத்திய துரைமாருடைய குதிரைகளின் இடத்தை மெல்ல மெல்லக் கார்கள் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பாதைகளிலே அவை பட்ட பாடு கொஞ்சமன்று. அக்காலத்துக் கார்களிற் பல பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் பிரேக் உடையவை. 1908-இல் வெளிவந்த ஃபோர்ட் ‘டி’ மாதிரியிலோ மிதித்தால் பிடிப்பது சக்கரங்களை அன்று. கியர்ப் பெட்டிக்குள் சுழலும் உருளையை; அதைப் பிடிப்பது சுற்றியுள்ள ஒரு பட்டை. நீண்ட இறக்கத்தில் அப்பட்டை தேய்ந்து போகுமாதலால், தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடையாலேயே வண்டியை நிதானப்படுத்தி இறங்கும் வித்தையை அந்நாளைய சாரதிகள் முதலிலேயே கற்க வேண்டியிருந்தது.

உராய்வுப் பொருளின் கதையும் ஒரு மலைப் பிரதேசத்திலேயே தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் டார்பிஷயர் குன்றுகளில், சரக்கு வண்டிகளின் பிரேக் கட்டைகளில் பழைய பாதணித் தோலை ஆணியடித்துப் பொருத்துவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், அதைவிட உறுதியான பொருள் ஒன்றைச் செய்ய முனைந்து 1897-இல் தொடங்கிய முயற்சியே பின்னர் ஃபெரோடோ என்னும் பெயரால் உலகமெங்கும் பரவிற்று. 1908 முதல் பிரேக்கில் உராயும் அந்த லைனர்களில் கல்நார் கலக்கப்பட்டது. உஷ்ணத்தைத் தாங்குவதில் அதற்கு இணை அக்காலத்தில் இல்லை. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது தொழிலாளர் பலர் உயிரிழந்த பின்னரே உலகுக்கு உறைத்தது. இன்றும் பழைய காரில் சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றுகிறவர், உள்ளே படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூளை வாயால் ஊதாமலும் காற்றுக் குழாயால் அடிக்காமலும் ஈரத் துணியால் துடைத்தெடுப்பது அவசியம்.

1922-இல் வந்த ஒஸ்டின் ஸெவன் சிறிய காருக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் தந்தது. ஆனால் 1930 வரையில் அதன் கால் மிதி பின்சக்கரங்களையும், கை நெம்பு முன்சக்கரங்களையும் தனித்தனியே பிடித்தன. அவற்றை இணைத்தவை கம்பி வடங்கள். வடம் நீளும், மூட்டுகள் துருவேறும், ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் பிடியாதிருந்தால், ஈரமான வளைவிலே வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். நாலு சக்கரத்துக்கும் சமமாக வடத்தை இழுத்துக் கட்டுவது அந்நாளில் ஒரு தனிச் சாமர்த்தியமாக இருந்தது.

இந்தக் குறையை நீக்கியது திரவம். மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் கண்ட தத்துவத்தைப் பிரேக்குக்குப் பிரயோகித்தவர்களில் முதன்மையானவர் மால்கம் லொக்ஹீட். 1921-இல் டியூசன்பெர்க் கார் அம்முறையை நான்கு சக்கரங்களிலும் ஏற்றது. இங்கிலாந்தின் சிறிய கார்களில் 1935-இன் மொரிஸ் எய்ட் அதைச் சாதாரண மனிதனுக்கும் எட்டச் செய்தது. எல்லாரும் ஒரே நாளில் மாறவில்லை. 1947-இன் ஒஸ்டின் ஏ-40 முன்னே திரவமும் பின்னே இரும்புத் தண்டுமாக இரு யுகங்களுக்கு நடுவே நின்றது. இங்கிலாந்து ஃபோர்ட் தன் சிறிய கார்கள் எல்லாவற்றிலும் 1953 வரை கம்பியையும் தண்டையுமே நம்பியிருந்தது.

1948-இல் பிறந்த மொரிஸ் மைனரே இலங்கையின் நெஞ்சில் நிலைத்த கார். அதன் பிரேக்கைச் சற்று அருகிருந்து பார்ப்போம். பிற்காலக் கார்கள் பலவற்றில் பொனட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவதும், மிதியின் பலத்தைத் திரவத்துக்கு ஏற்றுவதுமான மாஸ்டர் சிலிண்டர், இக்காரில் சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, ஒரு சிறு மூடியை விலக்கி, அதன் வழியேதான் பிரேக் ஒயில் ஊற்ற வேண்டும். அதனால் மழைத் தண்ணீரும் சேறும் அங்கே தங்குவதும், ஒயில் குறைந்ததைச் சாரதி கவனியாதிருப்பதும் எளிதாகிவிட்டன. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள். லைனர் பொருத்திய இரண்டு சூக்களுமே சக்கரம் சுழலும் திசையில் தாமாக இழுபட்டு டிரம்மை இறுகப் பிடிக்கும்படி அமைந்தவை. முன்னோக்கிப் போகையில் இது பெரும் நன்மை. ஆனால் ஏற்றத்தில் நின்று வண்டி பின்னோக்கி நழுவும்போது அந்த இழுபிடி இல்லாமற் போகும். அப்போது பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக்கே துணை. மலைநாட்டுச் சாரதிகள் கைப்பிரேக்கை அவ்வளவு அக்கறையோடு பேணியதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். 1962-இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது, ஏழு அங்குலமாயிருந்த முன் டிரம் எட்டு அங்குலமாக்கப்பட்டது. பழைய மைனர் ஒன்றை வைத்திருந்தவர், பிந்திய மைனரின் முன் டிரம்களைத் தேடி வாங்கிப் பொருத்துவதே இக்காரில் செய்யத்தக்க முதல் திருத்தமாயிற்று.

ஓர் அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைக் கணக்கே சொல்லும். ஆட்களோடு சேர்த்து சுமார் ஆயிரம் கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு முறை நிற்கும்போது பிரேக் ஏற்கும் சக்தி ஏறத்தாழ 139 கிலோஜூல். அதே கார் வேகம் மாறாமல் நூறு மீற்றர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி 980 கிலோஜூல். அதாவது ஏழு முறை நிறுத்தியதற்குச் சமம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குகிறவர் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறார். எஞ்சினின் தடையும் காற்றின் தடையும் துணை செய்யாவிட்டால், அவருடைய பிரேக் தொண்ணூறு தடவைக்கு மேல் முழு நிறுத்தம் செய்த உஷ்ணத்தை ஏற்க வேண்டியிருக்கும். டிரம்முக்குள் சிறைப்பட்ட அந்த உஷ்ணம் இரண்டு வழியில் கெடுதி செய்கிறது. லைனர் சூடேறி வழுக்கத் தொடங்கும்; டிரம் விரிந்து சூவை விட்டு விலகிப் போகும். முன்னதில் மிதி கல்லைப்போல் இறுகியிருந்தும் கார் நிற்பதில்லை. பின்னதில் மிதி மேலும் மேலும் கீழே போகிறது. அனுபவமுள்ள சாரதி தன் உள்ளங்காலாலேயே இவ்விரண்டையும் பிரித்தறிந்து, அபாயம் முற்றுமுன் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுவார்.

மூன்றாவது கெடுதி திரவத்திலிருந்து வருவது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது. இன்று வழங்கும் டொட் 3 என்னும் தரத்துக்குரிய ஒயில், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது; நீர் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கலாம். டொட் 4-க்கு அவ்வெல்லைகள் 230-உம் 155-உம். பனியும் மழையும் ஆண்டு முழுவதும் சூழும் நுவரெலியாவில், இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் ஒயிலை முழுவதும் மாற்றாதவர் தெரிந்தே அபாயத்தை வளர்க்கிறார். கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழி எழுந்தால், மிதியின் அழுத்தமெல்லாம் அக்குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிச் சக்கரத்துக்கு ஒன்றும் எட்டாது. உயரம் இன்னொரு சூட்சுமத்தையும் சேர்க்கிறது. எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு காலுக்குப் பலம் சேர்க்கும் சர்வோவைப் பழைய காரில் பொருத்துகிறவர்கள் உண்டு. நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் கொழும்பில் சோதித்துத் திருப்தி கொண்ட சர்வோ, மலைமேல் அதே உதவியைத் தருவதில்லை.

இனி, இந்தக் கார்களைக் காத்த கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960-களிலும் 1970-களின் பெரும்பகுதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி நெருக்கப்பட்டிருந்தபோது, புதிய காரும் அரிதாயிற்று, உதிரிப்பாகமும் அரிதாயிற்று. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, துரைமார் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். அவர்கள் காலத்துக் கார்கள் கைமாறி, வாடகைக் கார்களாகவும் குடும்பக் கார்களாகவும் ஓடின. 1964-இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கான தோட்டத் தமிழர் குடும்பம் பிரிந்து கப்பலேறிய துயரமான காலமும் அதுவே. அந்தக் காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய ஊர்களின் கராஜ்களில் பாஸ் என்றழைக்கப்பட்ட மெக்கானிக்குகளும் அவர்களிடம் தொழில் பழகிய பையன்களும் செய்த வேலை, புத்தகத்தில் படித்துச் செய்த வேலை அன்று. தேய்ந்த சூவிலிருந்து பழைய லைனரை நீக்கி, புதிய லைனரை வைத்து, செப்பு ரிவெட்டை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறி அடித்துக்கொண்டு போவார்கள். ஓரத்தில் தொடங்கினால் லைனர் நடுவே தூக்கிக்கொண்டு நிற்குமென்பது அவர்கள் கண்ட உண்மை. பள்ளம் விழுந்த டிரம்மைக் கடைசல் யந்திரத்தில் தேய்த்துச் சீராக்குவார்கள். அளவுக்கு மேல் தேய்த்தால் டிரம் மெலிந்து சீக்கிரம் சூடேறுமென்பதும் அவர்களுக்குத் தெரியும்.

காற்று நீக்கும் வேலையை ஒரு முறை நின்று பார்த்தவர்கள் அதன் ஒழுங்கை மறக்கமாட்டார்கள். ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். மற்றவர் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தின் அருகே படுத்து, அங்குள்ள நிப்பிளில் இறப்பர்க் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்தியிருப்பார். “மிதி” என்றதும் மிதி அழுந்தும். “பிடி” என்றதும் கால் அங்கேயே நிற்கும். ஸ்பேனர் கால் சுற்றுத் திரும்ப, போத்தலில் குமிழிகள் எழும். மூடியபின் “விடு” என்ற சொல் வரும். குமிழி அடங்கித் தெளிந்த ஒயில் மட்டும் வரும்வரை இது தொடரும். அதற்கு முன்னரே சூவைத் திருகி, சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை நெருக்கி, பிறகு உரசல் நீங்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தியிருப்பார்கள். மிதி பாதி வழி போய்த்தான் பிடிக்கிறதென்று குறைசொல்லி வரும் கார்களிற் பல, புதிய பாகம் எதுவுமின்றி இந்த இரண்டு வேலைகளாலேயே சுகமடைந்து போயின.

1977-க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. அவற்றின் எஞ்சின்களும் மலிவாகக் கிடைத்தன. நிசான், டொயோட்டா எஞ்சின்களை மொரிஸ் மைனருக்குள் இறக்கும் பழக்கம் நாடெங்கும் பரவிற்று. ஏறும் வேகம் இரட்டித்த அந்தக் கார்களில் இறங்கும் வலிமை மட்டும் பழையபடியே விடப்பட்டால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே விவேகமுள்ளவர்கள் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். 1953-இல் லெ மான் ஓட்டத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கின் பலத்தால் வென்று உலகை வியக்க வைத்ததும், 1955-இல் சித்ரொவென் டி.எஸ். அதைச் சாதாரண விற்பனைக்குரிய காரிலே கொண்டுவந்ததும் சரித்திரம். திறந்த வெளியில் சுழலும் தட்டு உஷ்ணத்தைக் காற்றுக்கு எளிதாகக் கொடுத்துவிடும். சூடேறி விரிந்தாலும் தன்னைப் பிடிக்கும் பட்டையை விட்டு விலகுவதில்லை. மலைக்கு இதைவிட உகந்தது வேறில்லை.

ஆயினும் டிஸ்க்கைப் பொருத்திவிட்டதாலேயே காரியம் முடிந்துவிடாது. டிரம்மின் சூவைத் தயார்நிலையில் வைப்பதற்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் உண்டு. அதை நீக்காமல் டிஸ்க்கை இணைத்தால், பட்டைகள் எந்நேரமும் தட்டை உரசிக்கொண்டேயிருக்கும். சிலிண்டரின் அளவிலும் யோசனை வேண்டும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் விட்டம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. அதற்குப் பதில் முக்கால் அங்குலச் சிலிண்டரை வைத்தால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். மிதி போக வேண்டிய தூரமும் அதே அளவு நீளும். பெரிதாக்கினால் மிதி குறுகி இறுகும். ஆனால் பிடிப்பு குறையும். மிதி இறுக்கமாக இருப்பதே நல்ல பிரேக்கின் அடையாளம் என்று எண்ணுவது தவறு. காலால் கொடுத்த பலத்துக்கு ஏற்ற அளவில், ஏமாற்றமில்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பதிலளிப்பதே நல்ல மிதி. பழைய இறப்பர்க் குழாய்கள் உப்பினால் அந்தப் பதில் மந்தமாகும். அவற்றை மாற்றுவது பெரிய பாகங்களை வாங்குவதற்கு முந்திய கடமை. இறக்கத்தில் பாரம் முன்சக்கரங்களின் மேல் சாய்வதால், பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதபடி பின் சிலிண்டர்களின் பலத்தையும் முன்னவற்றுக்கு ஒத்து நிதானித்தாக வேண்டும்.

இந்த அறிவு கூர்மையடைந்த களம் ஒன்று நுவரெலியாவில் உண்டு. 1934-இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி, ஏப்ரல் வசந்த காலத்தின் அங்கமாகவே ஆகிவிட்டது. பார்வைக்கு அது ஏறும் வேகத்தின் பந்தயம்; ஆனால் வளைவுக்கு வளைவு எவ்வளவு தாமதித்துப் பிரேக்கை மிதித்து எவ்வளவு நம்பிக்கையோடு திரும்பலாம் என்பதே அங்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவு அறிந்த பின்னும், 2023 ஜனவரி 20-ஆம் திகதி நானுஓயா, ரதெல்லைக் குறுக்குத் தெருவில் பேருந்து ஒன்று வேனின் மீதும் முச்சக்கர வண்டியின் மீதும் மோதி ஏழு பேர் மாண்டனர். பிரேக் செயலிழந்ததே காரணமென்று செய்திகள் கூறின. நூறாண்டு அனுபவமுள்ள மலைநாட்டிலே இன்னும் இப்படி நேருவது, அந்த அனுபவம் எழுத்தாகாமலும் பாடமாகாமலும் தனித்தனி மனிதரோடு மறைந்து போவதால்தான் என்பது என் உறுதியான எண்ணம். தேயிலையின் யந்திரங்களுக்கு ஹந்தானையில் அருங்காட்சியகம் இருக்கிறது. தொழிலாளர் வாழ்வுக்குக் கம்பளைக்கு அருகே, பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் இன்னொன்று இருக்கிறது. கொழுந்து லொறி ஓட்டியவர்களும் கராஜ் பாஸ்மாரும் சொல்லும் அனுபவங்களை அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி, அவர்களுடைய கருவிகளோடு அந்த அருங்காட்சியகங்களில் சேர்த்துவைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எஞ்சினுக்குப் பணம் செலவிடுமுன் பிரேக்குக்குச் செலவிடுங்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.